வாய்க்காலைத் தொலைத்த கதை: ரெவிட்டில் தரையை எளிமையாக்குவது எப்படி?

இன்னைக்கு ரெவிட் மென்பொருளில் மனையின் தரைப்பரப்பை, அதாவது டோபோசர்ஃபேஸை, எப்படிக் குறைப்பது என்று பார்க்கப் போகிறோம். நான் கட்டடக்கலைஞர் இல்லை. அவங்களுக்கு ப்ளகின் எழுதிக் கொடுக்கிற ஆள். ஒரு வாய்க்காலைத் தொலைச்ச பிறகுதான் இந்த விஷயம் எனக்கு உறைத்தது.

சர்வே கோப்பிலிருந்து வந்த தரையில் சுமார் 40,000 புள்ளிகள். மென்பொருள் அவற்றை முக்கோணங்களாக இணைத்துத்தான் தரையை உருவாக்குகிறது. ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ ரெண்டு முக்கோணம்; ஆக 80,000. காட்சியைத் திருப்பினாலே திணறியது. எடிட் சர்ஃபேஸ் போய், சிம்ப்ளிஃபை சர்ஃபேஸை அழுத்தினேன். துல்லிய அளவு கேட்டது. 300 மில்லிமீட்டர் கொடுத்தேன். புள்ளிகள் சில ஆயிரமாகக் குறைந்தன, மாடல் பறந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

ரெண்டு நாள் கழிச்சு வடிகால் பார்க்கும் பொறியாளர் கேட்டார்: "தம்பி, கிழக்குப் பக்க வாய்க்கால் எங்கப்பா?"

அந்த வாய்க்காலின் ஆழமே 200 மில்லிமீட்டர்தான். 300 வரைக்கும் பிசகினால் பரவாயில்லைன்னு சொன்னது நான்தானே! அவர் கவனிக்காமல் இருந்திருந்தால், இல்லாத வாய்க்காலை வைத்துத் தரைத்தள மட்டத்தை முடிவு செய்திருப்பார்கள். மழைத்தண்ணீர் வாசலுக்கு வந்திருக்கும்.

இது ஏன் நடக்குது? தரையைக் குறைக்க நன்கு அறியப்பட்ட ஒரு வழி, 1995இல் கார்லண்ட், ஹெக்பர்ட் இருவரும் எழுதியது. முதலில் மனை முழுவதையும் ரெண்டே முக்கோணத்தால் மூடுங்க. உண்மையான உயரத்திலிருந்து எந்தப் புள்ளி அதிகமாக விலகுகிறதோ, அதைச் சேர்த்து மறுபடி முக்கோணம் போடுங்க. அதிகபட்ச விலகல் நாம் சொன்ன அளவுக்குக் கீழே வரும்வரை இதையே செய்யுங்க. இந்த மாதிரி முறைக்கு உயர வித்தியாசம் மட்டும்தான் தெரியும். 200 ஆழமுள்ள வாய்க்கால், 300 வரம்பைத் தொடவே தொடாது. அது வாய்க்காலா, வெறும் பள்ளமா என்று அதுக்கு எப்படித் தெரியும்?

அதுக்காகக் குறைக்கவே கூடாதுன்னு இல்லை. சம உயரக் கோடுகளில் வளைவு நெடுக நெருக்கமாகப் புள்ளிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை புதிதாக எதுவும் சொல்வதில்லை. அவை போகட்டும். இப்போ நான் கடைப்பிடிக்கும் வழி இது.

முதலில், மூலக் கோப்பின் நகலைத் தனியாக வைத்துவிடுங்க. அடுத்து, மனையில் முக்கியமான விஷயங்களில் மிகச் சிறியது எது என்று பாருங்க. துல்லிய அளவு அதில் கால்வாசிக்கு மேல் வேண்டாம். 200 வாய்க்காலுக்கு 50. மனை பெரியது என்றால் ஸ்ப்ளிட் சர்ஃபேஸ் கொண்டு பிரித்து, தூரத்துப் பகுதியை மட்டும் தாராளமாகக் குறையுங்க. இணையும் ஓரத்தில் இடைவெளி விழுந்திருக்கான்னு பார்க்க மறக்காதீங்க.

கடைசியாக, வாய்க்காலின் அடியிலும் இரு கரையிலும் நெருக்கமாகப் புள்ளிகளை நீங்களே வையுங்க. ஏன்னா, முக்கோணத்தின் விளிம்பு இந்தக் கோட்டில்தான் போகணும் என்று டோபோசர்ஃபேஸிடம் கட்டாயப்படுத்த முடியாது. சப்ரீஜன் போட்டால் சரியாகிடும்னு சிலர் நினைக்கிறாங்க. அது தரையின் மெட்டீரியலைத்தான் மாற்றும், உயரத்தை மாற்றாது.

2024 பதிப்பில் டோபோசர்ஃபேஸின் இடத்துக்குக் கனமுள்ள டோபோசாலிட் வந்துவிட்டது. பெயர் மாறினாலும் அதன் மேற்பரப்பும் புள்ளியும் முக்கோணமும்தான். அதனால் குறைத்த பிறகு, தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே ஒரு வெட்டுப்படம் எடுத்து, பழைய தரையோடு ஒப்பிடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. நான் அன்னைக்கு அதைச் செய்யலை.