திடீர் மூச்சுத்திணறல்: மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை



அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருப்பவர், அண்மையில் பிரசவித்த பெண், நீண்ட விமானப் பயணம் முடித்து வந்தவர் ஆகியோருக்குத் திடீரென மூச்சு வாங்கினால், "வாயுப்பிடிப்பாக இருக்கும்" என்று கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம். அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கால்கள் நெடுநேரம் அசையாதிருந்தால் உள்ளே ஆழத்தில் இருக்கும் நாளங்களில் ரத்தம் உறையக்கூடும். அந்த ரத்தக்கட்டி பெயர்ந்து, இதயம் வழியாகச் சென்று நுரையீரல் ரத்தக்குழாயை அடைப்பதையே 'பல்மனரி எம்போலிசம்' என்கிறார்கள்.

மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், வேகமான நாடித்துடிப்பு, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவை இதன் அறிகுறிகள். எல்லாம் ஒன்றாக வர வேண்டும் என்பதில்லை. இவற்றுள் பல நிமோனியாவிலும் மாரடைப்பிலும் வரும். மார்பு எக்ஸ்ரே சரியாக இருந்தும் இந்நோய் இருக்கலாம்.

அப்படியானால் அறிகுறிகளால் என்ன பயன்? சந்தேகம் எவ்வளவு வலுவானது என்று கணிக்க அவை உதவுகின்றன. இதற்கு 'வெல்ஸ்' மதிப்பெண் முறை உள்ளது. ஒரு காலில் வீக்கமும் தொட்டால் வலியும் இருந்தால் 3. வேறு நோயைவிட இதற்கே வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் கருதினால் 3. நாடித்துடிப்பு 100க்கு மேல் இருந்தால் 1.5, மூன்று நாளாவது படுக்கையில் இருந்திருந்தால் அல்லது நான்கு வாரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் 1.5, முன்பு ரத்தக்கட்டி வந்திருந்தால் 1.5, இருமலில் ரத்தம் வந்தால் 1, புற்றுநோய் இருந்தால் 1.

கூட்டுத்தொகை 4ஐத் தாண்டினால் பொதுவாக நேரே சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். தாண்டாவிட்டால் 'டி-டைமர்' ரத்தப் பரிசோதனை. அது இயல்பாக இருந்தால் பெரும்பாலும் இந்நோய் இல்லை என்று முடிவு செய்வார்கள். கூடுதலாக இருந்தால் ஸ்கேன் தேவைப்படும். கர்ப்பிணிகளுக்குக் கணிக்கும் முறை வேறுபடும்.

மேலே உள்ள ஏழில் படுக்கை அல்லது அறுவை சிகிச்சை, பழைய ரத்தக்கட்டி, இருமலில் ரத்தம், புற்றுநோய் ஆகிய நான்கும் நாம் சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியவரும். நம் பெண்கள் கூச்சத்தால் கால் வீக்கத்தை மறைத்தால், 3 மதிப்பெண்ணுக்குரிய தடயமே மறைந்துபோகும்.

ஆகவே திடீரென மூச்சு வாங்கினாலோ மயங்கி விழுந்தாலோ உடனே 108ஐ அழையுங்கள். மருத்துவமனையில் பழைய சிகிச்சைச் சீட்டுகளைக் காட்டுங்கள். கேட்காவிட்டாலும் இவற்றைச் சொல்லுங்கள்.