எல்லாப் பெட்டியையும் திறக்கலை

ஒரகடத்தில் ஒரு கொரியன் கம்பெனியில் ஏழு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். ஒருநாள் மதிய ஷிஃப்டில், வந்து இறங்கிய உதிரிபாகப் பெட்டிகளைச் சரிபார்க்கும் இடத்தில் நின்ற தேரினிம் என்னிடம் திரும்பி, "மோதுன் சாங்ஜாருல் அன் யொரொஸ்ஸொயோ" என்றார். (தேரினிம் என்பது பெயர் அல்ல, பதவி. அவருக்கும் மேலே பூஜாங்னிம்.)

மோதுன் என்றால் எல்லா. சாங்ஜாருல், பெட்டியை. அன் என்பது இல்லை என்று மறுக்கும் சொல். கடைசியில் வருவது திறக்கும் வினை. அப்படியே தமிழில் வைத்தால், "எல்லாப் பெட்டியையும் திறக்கலை."

ஒரு பெட்டிகூடத் திறக்கவில்லை என்று நான் புரிந்துகொண்டேன். "அண்ணே, ஒண்ணுகூடத் திறக்கலையாம், மொதல்லேருந்து பாருங்க" என்று பசங்களிடம் சொல்லிவிட்டேன். மொத்தம் பன்னிரண்டு பெட்டி. அதில் எட்டைக் காலையிலேயே பிரித்து, எண்ணி, திரும்ப டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். பாக்கி நாலுதான். பசங்கள் பன்னிரண்டையும் பிரித்து எண்ணி முடிக்கும்போது ஷிஃப்டே முடிந்துவிட்டது.

மாலையில் பூஜாங்னிம் விசாரித்தார். தேரினிம் சொன்ன வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தேன். "பொண்ணு சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறாள். ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்" என்றார் பூஜாங்னிம். தேரினிம் முகம் சிவந்துவிட்டது. "இல்லை. எல்லாவற்றையும் திறக்கவில்லை, கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்." கொரியன் ஆபீஸில் மேலதிகாரியிடம் யாரும் அப்படி மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. இருவரும் சியோலில் பிறந்து வளர்ந்தவர்கள், தாய்மொழி ஒன்றுதான். பத்து நிமிஷம் வாதாடினார்கள். எனக்கு மட்டும் வீடு வந்து சேரும்வரை மனசு ஆறவில்லை. ஒரு எழுத்தைத் தப்பாகக் கேட்டிருந்தால் என் காதைக் குறை சொல்லலாம். ஒரு சொல்லையும் நான் தப்பாகக் கேட்கவில்லையே.

அந்தப் பத்து நிமிஷத்துக்கான விடை பல வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில் கிடைத்தது. எழுதியவர் சுங்ஹே ஹான். கனடாவில் வான்கூவர் பக்கத்திலுள்ள சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர். கொரியன், ஆங்கிலம் இரண்டிலும் வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது, அந்தக் கட்டுமானத்திலிருந்து பொருள் எப்படிப் பிறக்கிறது என்பதே அவர் துறை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட விஷயம் ஏவல் வாக்கியங்கள். கொரியன் சீரியல் பார்ப்பவர்களுக்கு "கஜிமா" தெரிந்திருக்கும், போகாதே என்று அழுதுகொண்டே சொல்வது. சாதாரண வாக்கியத்தை மறுக்கும் "அன்" அங்கே வராது, ஏவலுக்கென்று தனியாக "மா" உண்டு. நமக்கும் "போகவில்லை" ஒரு வடிவம், "போகாதே" வேறு வடிவம். ஸ்பானிஷ்காரர்கள் 'படி' என்னும் ஏவலோடு இல்லைச் சொல்லைச் சேர்க்கவே முடியாது, வேறு வினைவடிவத்துக்குத் தாவ வேண்டும். இது ஏன் என்று கேட்டவர் அவர். "போகாதே" என்னும்போது நான் கட்டளையை மறுக்கவில்லை, போவதைத்தான் மறுக்கிறேன். மறுப்பு எதுவரை கைநீட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று மொழிக்குள் ஒரு வரம்பு இருக்கிறது. பெட்டி விவகாரமும் இதே வரம்பைப் பற்றியதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொரியன் தெரிந்தவள் என்றதும் எல்லாரும் கேட்பது அப்பா, அம்மா பற்றித்தான். அவர்களும் அப்பா என்கிறார்கள், ஒம்மா என்கிறார்கள், நான் என்பதற்கு நா என்கிறார்கள். 1905-லேயே ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஒரு இலக்கண நூல் எழுதினார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை, நானும் ஏற்கவில்லை. உண்மையான ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள் ஒரே மாதிரி வீடு கட்டியிருக்கிற அதிசயம் எனக்கு அப்பா அம்மாவைவிடப் பெரியது.

அந்த வினை கடைசியில் வருவதுதான் குழப்பத்தின் வேர்.

வாயிலிருந்து வரும்போது வாக்கியம் ஒரு நேர்கோடு. மனசுக்குள் அது படிக்கட்டு. மேல்படியில் நிற்கும் சொல்லின் ஆட்சிக்குள் கீழ்ப்படியில் நிற்கும் சொல் வரும். "எல்லா" மேலே, "இல்லை" கீழே என்றால், எல்லாப் பெட்டியும் திறக்கப்படாதவை. "இல்லை" மேலே, "எல்லா" கீழே என்றால், எல்லாம் திறந்தாயிற்று என்பதுதான் இல்லை. ஆக, எட்டு திறந்து நாலு மிச்சம் இருக்கலாம்.

வினையும் எல்லா மொழியிலும் ஒரே படியில் நிற்பதில்லை. ஆங்கிலத்தில் 'ஷி ஆஃபன் ரீட்ஸ் நாவல்ஸ்' என்கிறோம், 'ஷி ரீட்ஸ் ஆஃபன் நாவல்ஸ்' என்றால் தப்பு. பிரெஞ்சில் அதுவே தலைகீழ்: வினை முதலில், 'அடிக்கடி' அதற்குப் பின்னால். பிரெஞ்சு வினை ஒரு படி ஏறி அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறது, ஆங்கில வினை இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று 1989-ல் ழான்-இவ் பொலோக் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினார். பாரிஸில் வளரும் குழந்தைக்கும் லண்டனில் வளரும் குழந்தைக்கும் இதற்குத் தினமும் காதில் சான்று விழுகிறது.

சியோலில் வளரும் குழந்தைக்கு அது விழுவதில்லை. ரேஷன் கடை வரிசையில் கடைசியில் நிற்பவர் ஒரு அடி பின்னால் தள்ளி நின்றாலும் வரிசை மாறாது. கொரியன் வினை அந்தக் கடைசி ஆள். அது மேல்படிக்கு ஏறினாலும் ஏறாவிட்டாலும் காதில் விழுவது ஒரே வரிசைதான். "அன்" வேறு, இடுப்புக் குழந்தை மாதிரி வினையோடு ஒட்டிக்கொண்டே போகும். வினை ஏறினால் மறுப்பும் கூடவே ஏறி "எல்லா"வுக்கு மேலே போய்விடும், தேரினிம் சொன்ன அர்த்தம் கிடைக்கும். ஏறாவிட்டால் பூஜாங்னிம் சொன்ன அர்த்தம் மட்டும்தான். கொரியன் வினை ஏறுகிறதா இல்லையா என்று மொழியியலாளர்கள் வருஷக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் காதுக்குச் சரியாகப் பட்டதைச் சான்றாக வைத்தார்கள், எதிர்த்தரப்பின் காதுக்கு அது சரியாகப் படவில்லை.

ஹானும், ஜெஃப்ரி லிட்ஸ், ஜூலியன் முசோலினோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து, பெரியவர்களையும் நாலு வயசுக் குழந்தைகளையும் நேரில் கேட்டுப் பார்த்தார்கள். முறை எளிமையானது. பொம்மைகளை வைத்து ஒரு சின்னக் கதை நடக்கும். ஒரு பொம்மை முன்னால் மூன்று பிஸ்கட், இரண்டைத் தின்றுவிட்டு ஒன்றை விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிந்ததும் ஒரு கைப்பொம்மை நடந்ததைச் சொல்லும்: "அது எல்லா பிஸ்கட்டையும் தின்னலை." பொம்மை சொன்னது சரியா தப்பா? அவ்வளவுதான் கேள்வி. குழந்தையைச் சோதிக்கவில்லை, பொம்மையைத்தான் சோதிக்கிறோம் என்பதால் குழந்தை பயப்படாமல் பதில் சொல்லும்.

ஒன்றையுமே தின்னாத கதையில் கிட்டத்தட்ட எல்லாரும் "சரி" என்றார்கள். ஒன்று மிச்சம் இருக்கும் கதையில்தான் பிளவு. சுமார் பாதிப் பேர் "சரி", மற்றவர்கள் "தப்பு". ஒரே ஆள் ஒரு தடவை சரி, மறு தடவை தப்பு என்று தடுமாறவில்லை. சரி என்றவர் சரி என்றே சொன்னார், தப்பு என்றவர் தப்பு என்றே. கொரியனில் மறுக்க இன்னொரு வழியும் உண்டு, வினைக்குப் பின்னால் "ஜி அன்தா" சேர்ப்பது. அதிலும் அதே பிளவு. 2007-ல் இது வெளிவந்தது. வாதாடிய இரண்டு தரப்பும் தங்கள் இலக்கணத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே மொழி என்று நாம் நினைப்பதற்குள் இரண்டு இலக்கணம் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் தலைக்குள் எது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் வருவதில்லை, பெரும்பாலும் சூழ்நிலையே அர்த்தத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பெட்டிகள் மட்டும் திரும்ப டேப் ஒட்டிக் கிடந்ததால் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்படியானால் குழந்தை எந்த இலக்கணத்தை எடுத்துக்கொள்ளும்? அம்மாவுடையதை என்றுதான் நானும் நினைத்தேன். 2016-ல் அதே மூவரும் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் அடுத்த கட்டுரையை வெளியிட்டார்கள். இந்த முறை பெற்றவரையும் பிள்ளையையும் ஜோடியாகக் கேட்டிருந்தார்கள். பெற்றவரின் பதிலுக்கும் பிள்ளையின் பதிலுக்கும் தொடர்பே இல்லை.

இந்த வரியைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. நிறமும் மூக்கும் பிடிவாதமும் இறங்கி வருகிறது. ஊர்ப் பேச்சு, இழுவை, வசவுகூட இறங்கி வருகிறது. இது இறங்கி வரவில்லை. வீட்டில் கேட்கும் பேச்சு இரண்டு இலக்கணத்துக்கும் ஒத்துப்போகும்போது குழந்தை ஒன்றைத் தானே தேர்ந்துகொள்கிறது. அந்த இடத்தைக் காலியாக விடுவதில்லை, இரண்டையும் கலந்து வைத்துக்கொள்வதும் இல்லை. மொழியைக் குழந்தை பார்த்துப் பார்த்து நகல் எடுக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இதைவிடக் கடினமான கேள்வியை நான் பார்த்ததில்லை.

இதே லிட்ஸும் முசோலினோவும் 2002-ல் கன்னடக் குழந்தைகளையும் ஆங்கிலக் குழந்தைகளையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். "ரெண்டு புத்தகம் படிக்கலை" என்பது போன்ற வாக்கியம் அது. ரெண்டு என்ற கணக்கை எட்டவில்லை என்றும் எடுக்கலாம், படிக்காத புத்தகம் ரெண்டு இருக்கிறது என்றும் எடுக்கலாம். ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வரும், கன்னடத்தில் நம்மைப் போலவே கடைசியில். குழந்தைகள் காதில் விழும் வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால் இரண்டு ஊரிலும் எதிரெதிரான பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரு மொழியிலும் நாலு வயசுக்காரர்கள் முதல் அர்த்தத்துக்கே சாய்ந்தார்கள். யாரும் காட்டாத படிக்கட்டை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நம் தமிழ் வாக்கியமும் இதற்கு விலக்கில்லை. "கல்யாணத்துக்கு எல்லாரும் வரலை" என்றால் மண்டபம் காலியா, பாதி நிறைந்ததா? வீட்டில் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டுப் பார்த்தேன். போன தீபாவளிக்கு அம்மா வீட்டில், அப்பாவின் தட்டில் ஐந்து முறுக்கு வைத்தேன். அவர் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். ரெண்டு மிச்சம். "தாத்தா எல்லா முறுக்கையும் சாப்பிடலை. சரியா, தப்பா?" ஒரு வீட்டில் ஒரு தட்டை வைத்துக் கேட்பது ஆராய்ச்சி ஆகாது, எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சரிதான். ரெண்டு கெடக்கே" என்றார் அம்மா. எனக்கும் அது சரிதான்.

ஐந்து வயசு மகள் தட்டைப் பார்த்தாள். "தப்பு."

"ஏன்டா கண்ணு?"

"தாத்தாதான் மூணு சாப்பிட்டாரே."

மறுநாள் அதிரசத்தை வைத்துக் கேட்டேன். தப்பு. ஒரு வாரம் கழித்துக் கலர் பென்சிலை வைத்துக் கேட்டேன். அதே உறுதியோடு, தப்பு. எங்கள் இரண்டு பேர் பேச்சையும் கேட்டு வளர்ந்த பிள்ளை. அம்மா அவளை மடியில் இழுத்து உட்காரவைத்து முகத்தை நிமிர்த்தினார்.

"யாருடீ உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தது?"