ஸ்பேனர் யார் கையில்? செட்டர் வேலையும் சமூக நீதியும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பகுதிகளின் வாகன உதிரிபாக ஆலைகளில் தகடு வெட்டும் பவர் பிரஸ்ஸின் முன் நிற்பவர் ஆபரேட்டர்; அதை ஓடத்தக்க நிலைக்குக் கொண்டுவருபவர் செட்டர். முன்னவர் ஒப்பந்தக் கூலியாகவே காலம் கழிக்கக்கூடும். பின்னவரை எளிதில் நீக்கிவிட முடியாது. ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு உயர்பவர் யார் என்பதைச் சமூக நீதிக் கேள்வியாகவே நாம் காண்கிறோம்.

வேறோர் உதிரிபாகத்துக்கு மாறும்போது, பழைய டையை இறக்கிப் புதியதை ஏற்றி, மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் நேராக அமையும்படி இறுக்குபவர் செட்டர். ஒரு மில்லிமீட்டர் எஃகுத் தகட்டை வெட்டும் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே, பக்கத்துக்கு ஏறத்தாழ 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர் இடைவெளியே விடப்படுகிறது. அது ஒருபுறம் சரிந்தால் விளிம்பில் பிசிறு எழும். டையின் வெட்டுமுனை சேதமாகும். முதல் உருப்படியை அளந்து சரிபார்த்த பின்பே உற்பத்தி தொடங்கும். நிமிடத்துக்கு 60 முறை இறங்கும் பிரஸ்ஸில், கவனிக்கப்படாத பிழை பத்தே நிமிடங்களில் 600 உருப்படிகளைக் கழிவாக்கிவிடும். டை மாறும்போது பாதுகாப்புத் தடுப்புகளையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஆபரேட்டரின் விரல்களும் இக்கவனத்தை நம்பியே இருக்கின்றன.

இத்திறனைப் புத்தகம் மட்டும் தந்துவிடாது. மூத்தவர் அருகில் நிறுத்தி, ஸ்பேனரைக் கையில் கொடுத்தால்தான் வரும். யாரை அருகில் நிறுத்துவது என்பதை உறவும் ஊரும் அறிமுகமும் தீர்மானிக்கும் இடத்தில், எவரும் பெயர் சொல்லாமலேயே சாதி செயல்படுகிறது.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. பம்பாய்ப் பஞ்சாலைகளில், கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் தலித்துகள் சேர்க்கப்படவில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டியிருந்ததால், ‘தீட்டு’ காரணமாகக் காட்டப்பட்டது. 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இவ்விலக்கத்தை எதிர்த்துக் குரல் எழுப்பினார்.

இன்று தனியார் வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு இல்லை. ஆயினும் தொழிற்பயிற்சியில் உண்டு என்பதை நம்மில் பலர் அறியோம். தொழிற்பழகுநர் சட்டம், 1961இன் 3ஏ பிரிவு, அறிவிக்கப்பட்ட தொழிற்பிரிவுகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்க வேண்டும் என்கிறது. ஃபிட்டர், டர்னர் போன்றவை அத்தகைய பிரிவுகள். தனியார் நிறுவனங்களும் இதற்கு உட்பட்டவையே. 2019ஆம் ஆண்டு விதித்திருத்தத்தின்படி, 30 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். ஆனால் பயிற்சி முடித்தவருக்கு வேலை தருவதை 22ஆம் பிரிவு நிறுவனத்தின் சொந்தக் கொள்கைக்கே விட்டுவிடுகிறது.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. எந்தத் தொழிற்பிரிவில், எந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் பழகுநராக உள்ளனர் என்பதை ஆலைவாரியாக அரசு வெளியிட வேண்டும். செட்டர் பயிற்சிக்கான தேர்வு, மேற்பார்வையாளரின் விருப்பப்படி அல்லாமல், ஒப்பந்தத் தொழிலாளரும் பங்கேற்கும் வெளிப்படையான திறன்தேர்வாக இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக்கு இணையாக இதையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். ஐடிஐ முடித்த நம் பிள்ளைகள் 3ஏ பிரிவைச் சுட்டிக்காட்டியே பயிற்சி இடத்தைக் கேட்கலாம். அது அவர்களின் சட்டப்படியான உரிமை.