‘கிஸ்ஸா ஜாப்’: ஒரு கதறல் ஜோக் ஆன கதை

1982 அக்டோபர் 10, ஞாயிற்றுக்கிழமை. பிரிட்டனின் பிபிசி 2 சேனலில் ஒரு சீரியல் ஆரம்பித்தது. பெயர் ‘பாய்ஸ் ஃப்ரம் தி பிளாக்ஸ்டஃப்’. மொத்தம் ஐந்தே எபிசோட். அதில் ஒரு கேரக்டர் பார்க்கிற ஆளிடமெல்லாம் ஒரே டயலாக்கைச் சொல்வான்: “கிஸ்ஸா ஜாப்.” ‘கிவ் அஸ் எ ஜாப்’ என்பதை லிவர்பூல் ஊர்க்காரர்கள் வேகமாகச் சொன்னால் அப்படித்தான் வரும். நாம ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதை ‘வந்துட்ருக்கேன்’ ஆக்குறோமே, அந்த மாதிரி. அர்த்தம் சிம்பிள்: ‘ஒரு வேலை குடுங்க.’

சில வாரங்களிலேயே நாடு முழுக்க அதுதான் பேச்சு. ஸ்கூல் பசங்க விளையாடும்போது சொன்னார்கள். லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ‘காப்’ என்கிற கேலரி ரசிகர்கள் கோஷமாகவே போட்டார்கள். மீம் என்கிற வார்த்தை புழக்கத்துக்கு வராத காலத்தில் அது ஒரு மீம் ஆகிவிட்டது.

ஆனால் சீரியலில் அந்த டயலாக்கைச் சொல்கிறவன் மூளை கலங்கிக்கொண்டிருக்கிற ஒரு அப்பா. வேலை போச்சு, மனைவி போயாச்சு, பிள்ளைகளும் கையை விட்டுப் போகப் போகிறார்கள். இதைப் பார்த்து எப்படி ஒரு நாடே சிரித்தது? கல்நெஞ்சக்காரர்களா அவர்கள்? இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில், கதை என்ன?

‘பிளாக்ஸ்டஃப்’ என்றால் கறுப்புச் சரக்கு, அதாவது ரோடு போடுகிற தார். எழுதியவர் ஆலன் ப்ளீஸ்டேல், லிவர்பூல்காரர். இயக்கியவர் ஃபிலிப் சாவில். இதற்கு ஒரு முன்கதை உண்டு. ‘தி பிளாக் ஸ்டஃப்’ என்று தனி நாடகமாக 1980 ஜனவரியில் வந்தது. அதில் லிவர்பூலைச் சேர்ந்த ஒரு தார் ரோடு கோஷ்டி மிடில்ஸ்பரோ என்ற ஊருக்கு வேலைக்குப் போகிறது. கம்பெனிக்குத் தெரியாமல் தனியாக ஒரு வேலை பிடித்து சம்பாதிக்கலாம் என்று கையில் இருந்த சேமிப்பைப் போடுகிறார்கள். கூட்டு சேர்ந்தவர்கள் ஏமாற்றிவிட்டு ஓடிவிடுகிறார்கள். பணமும் போச்சு, வேலையும் போச்சு.

1982 சீரியல் அதற்கப்புறம் நடப்பது. எல்லோரும் ‘டோல்’ வாங்கிப் பிழைக்கிறார்கள். டோல் என்றால் வேலை இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை. அந்த ஆபீஸுக்கு முறையாகப் போய் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தொகையில் குடும்பம் ஓடாது. அதனால் திருட்டுத்தனமாகக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். மாட்டினால் கேஸ். இது தெரிந்த கான்ட்ராக்டருக்குக் கொண்டாட்டம். கூலியைக் குறைத்தாலும், பாதுகாப்பு இல்லாவிட்டாலும் இவர்களால் எங்கேயும் போய்ப் புகார் சொல்ல முடியாது. முதல் எபிசோடிலேயே, அரசாங்க ஆட்கள் சோதனைக்கு வரும்போது தப்பிக்கப் பார்த்த ஸ்னோவி என்கிற இளைஞன் கட்டடத்திலிருந்து விழுந்து செத்துப்போகிறான்.

வேலை செய்ய ஆசைப்பட்டதற்காக ஒருவன் சாகிறான். சீரியல் நம்மை உட்காரவைக்கிற இடம் அதுதான்.

அந்த நேரத்து பிரிட்டன்

பார்த்தவர்கள் ஏன் அப்படி ரியாக்ட் பண்ணினார்கள் என்று புரிய, ரெண்டு மூணு விஷயம் தெரிய வேண்டும்.

1978-ல் கன்சர்வேடிவ் கட்சி ஒரு போஸ்டர் ஒட்டியது. வேலைவாய்ப்பு ஆபீஸ் வாசலில் பாம்பு மாதிரி நீளும் வரிசை; ‘லேபர் இஸின்ட் வொர்க்கிங்’ என்று வாசகம். ஆளும் லேபர் கட்சி உருப்படாது என்றும் படிக்கலாம், உழைப்பாளிக்கு வேலை இல்லை என்றும் படிக்கலாம். விளம்பர உலகில் இன்றைக்கும் பேசப்படுகிற போஸ்டர் அது. அப்போது வேலை இல்லாதவர்கள் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரதமர் ஆனார். 1982 ஜனவரியில் அதே கணக்கு 30 லட்சத்தைத் தாண்டியது.

இன்னொரு பக்கம், ‘வேலை இல்லையா, தேடிப் போக வேண்டியதுதானே?’ என்கிற குரலும் பலமாக இருந்தது. 1981 அக்டோபரில் வேலைவாய்ப்பு அமைச்சர் நார்மன் டெபிட் கட்சி மாநாட்டில் ஒரு கதை சொன்னார். 1930-களில் தன் அப்பாவுக்கு வேலை இல்லாதபோது அவர் கலவரம் எதுவும் பண்ணவில்லை, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போனார் என்று. அதே வருஷம் ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத் பகுதியில் பெரிய கலவரம் நடந்திருந்தது. அதனால் அந்தப் பேச்சு யாருக்கு என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது.

லிவர்பூலின் பிரச்சினை ஒரே நாளில் வந்ததும் இல்லை. நம்ம பாஷையில் சொன்னால், அதில் பாதி டெக்னாலஜி சேஞ்ச். ஒரு காலத்தில் கப்பலிலிருந்து மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும். கன்டெய்னர் வந்த பிறகு ஒரு கிரேன், சில ஆபரேட்டர்கள் போதும். பெரிய கப்பல்கள் பழைய டாக்குகளுக்குள் வரவும் முடியாது. வியாபாரமும் ஐரோப்பா பக்கம் திரும்ப, மேற்குக் கரையில் இருக்கும் லிவர்பூல் ஓரங்கட்டப்பட்டது. ஆல்பர்ட் டாக் 1972-லேயே மூடப்பட்டது. ஸ்பீக் பகுதியில் இருந்த கார் ஃபேக்டரி 1978-ல், டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலை 1981-ல் என்று வரிசையாகக் கதவு சாத்தின. தாட்சர் வருவதற்கு முன்பே ப்ளீஸ்டேல் இந்த சீரியலை யோசித்து எழுத ஆரம்பித்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்க. பிற்பாடு எல்லோரும் ‘தாட்சர் கால நாடகம்’ என்று முத்திரை குத்தினாலும், காயம் அதற்கு முந்தியது.

யோஸர்

இப்போ அந்த டயலாக்குக்குச் சொந்தக்காரனிடம் வருவோம். பெயர் யோஸர் ஹியூஸ். நடித்தவர் பெர்னார்ட் ஹில். ‘டைட்டானிக்’ படத்தின் கேப்டன், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படத்தின் ராஜா தியோடன் என்றால் உங்களுக்கு முகம் ஞாபகம் வரும். 2024-ல் இறந்துபோனார்.

யோஸர் மூணு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊரெல்லாம் நடப்பான். யாராவது ஏதாவது வேலை செய்துகொண்டிருந்தால் பக்கத்தில் போய் நிற்பான். “வேலை குடுங்க. என்னால முடியும். எனக்கு அது வரும்.” கட்டட வேலை கிடைத்தபோது அவன் கட்டிய சுவர் கோணல்மாணல். கேட்ட கான்ட்ராக்டரை மண்டையாலேயே முட்டுகிறான். ப்ளீஸ்டேல் அவனை உத்தமனாகக் காட்டவே இல்லை. முரடன், வாய்ச்சவடால் பேர்வழி. ‘பாவம், நல்ல மனுஷன்’ என்று சுலபமாகப் பரிதாபப்பட்டுவிட்டுப் போக நமக்கு வழியே இல்லை.

நாலாவது எபிசோட் முழுக்க அவன் கதை. அதில் பாவமன்னிப்பு கேட்கப் போகும் காட்சி ஒன்று இருக்கு. “ஃபாதர், நான் டெஸ்பரேட்டா இருக்கேன்” என்கிறான். பாதிரியார் பிரியமாக, ஃபாதர் வேண்டாம், டான் என்றே கூப்பிடு என்கிறார். இவன் அப்படியே திருப்பிச் சொல்கிறான்: நான் டெஸ்பரேட், டான். பிரிட்டிஷ் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காமிக்ஸ் ஹீரோவின் பெயர் ‘டெஸ்பரேட் டான்’. அழுகையின் உச்சத்தில் வந்து விழுகிற ஜோக். வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குபீரென்று சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் யோஸர் தலையைக் கொண்டுபோய் அந்த மரத்தடுப்பில் முட்டுகிறான்.

அதே எபிசோடில் லிவர்பூல் கேப்டன் கிரேம் சூனஸ் நிஜமாகவே வந்து உட்கார்ந்திருப்பார். யோஸர் அவரிடம் போய், நீங்க என்னை மாதிரியே இருக்கீங்க என்பான். ரெண்டு பேருக்கும் அதே மீசை. ஆன்ஃபீல்டு கேலரியில் இது ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று இப்போ புரியுதா?

சிரிப்புக்கு என்ன அர்த்தம்?

சீரியல் முடிந்து ரெண்டு மாதத்தில், 1983 ஜனவரியிலேயே, பிபிசி 1-ல் மறுஒளிபரப்பு செய்தார்கள். பிபிசி 2-ஐ விட அதிகம் பேர் பார்க்கிற சேனல் அது. இவ்வளவு சீக்கிரம் ஒரு நாடகத்தைத் திரும்பப் போடுவது அபூர்வம். சிறந்த டிராமா சீரிஸுக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது. 2000-ல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் போட்ட ‘சிறந்த 100 பிரிட்டிஷ் டிவி நிகழ்ச்சிகள்’ பட்டியலில் இதற்கு 7-வது இடம்.

பாராட்டு மட்டும்தான் வந்தது என்று நினைக்காதீங்க. இடதுசாரிகளில் சிலருக்கு வருத்தம்: தொழிலாளிகளைத் தோற்றுப்போனவர்களாகவே காட்டிவிட்டார், ஒன்றுசேர்ந்து போராடுவது எங்கே என்று. லிவர்பூல் என்றாலே டோல் வாங்கி, வாய் பேசி, வம்பு பண்ணுகிற ஊர் என்கிற இமேஜை இது கெட்டியாக்கிவிடும் என்று கவலைப்பட்டவர்களும் உண்டு. ரெண்டும் நியாயமான கேள்விகள்தான்.

சிரிப்பு விஷயத்துக்கு வருவோம். ‘கிஸ்ஸா ஜாப்’ என்று கத்தினவர்கள் எல்லோரும் ஒரே அர்த்தத்தில் கத்தவில்லை. வேலை இருக்கிறவன் சொன்னால் அது கிண்டல். கேலரியில் டோல் பணத்தில் டிக்கெட் வாங்கி நிற்கிறவன் சொன்னால் அது வேறு. வேலை இல்லை என்று தனியாகச் சொல்ல எவ்வளவு கூச்சம்! சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போகவே யோசிக்கிற கூச்சம். அதையே ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து பாட்டாகக் கத்தும்போது, சொல்ல முடியாத ஒரு வாக்கியம் முதல் தடவையாகச் சொல்லக்கூடியதாக ஆகிறது. மாஸ்க் மாதிரி யோஸர் உதவினான். அவன் குரலில் சொல்லிக்கொண்டால், சொல்வது நீதான் என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

அப்படியானால் சிரித்தது சரி என்று முடித்துவிடலாமா? அதற்கு சீரியலே தடை போடுகிறது. மூணாவது எபிசோடைப் பாருங்க. கிறிஸ்ஸி என்பவனின் மனைவி ஆஞ்ஜி. நடித்தவர் ஜூலி வால்டர்ஸ். ‘ஹாரி பாட்டர்’ படங்களில் ரானின் அம்மா. வீட்டில் சாப்பாட்டுக்கு ஒன்றும் இல்லை. கிறிஸ்ஸி வழக்கம்போல ஜோக் அடித்துச் சமாளிக்கப் பார்க்கிறான். ஆஞ்ஜி வெடிக்கிறாள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியதுதான் என்று இந்த ஊர் முழுக்க வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறது, கேட்டுக் கேட்டு சலித்துவிட்டது, எழுந்து நின்று எதிர்த்து ஏதாவது செய் என்கிறாள். அந்த எபிசோட் முடிவில் கிறிஸ்ஸி தான் ஆசையாக வளர்த்த பறவைகளைத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்கிறான்.

நாடே யோஸரைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு, யோஸரின் எபிசோட் வருவதற்கு ஒரு வாரம் முன்னாடியே ஆஞ்ஜி கேள்வி கேட்டுவிட்டாள் என்று சொல்லலாம். ஜோக் வலியைத் தாங்க வைக்கும். தாங்கப் பழகிவிட்டால் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் மழுங்கிப்போகும். ப்ளீஸ்டேல் நம்மைச் சிரிக்கவும் வைக்கிறார், சிரித்ததைப் பற்றி யோசிக்கவும் வைக்கிறார். எந்தப் பக்கம் என்று தீர்ப்பு சொல்லாமல் விட்டுவிடுகிறார். அதனால்தான் இந்த சீரியலைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. 2023-ல் ஜேம்ஸ் கிரேம் இதை மேடை நாடகமாக்கினார். லிவர்பூலில் தொடங்கி அடுத்த வருஷம் லண்டனுக்கும் போனது.

நமக்கு எதுக்கு இது?

பிளேஸ்மென்ட் சீசனில் நம்ம வாட்ஸ்அப் குரூப்களைத் திறந்து பாருங்க. ரிஜெக்ட் ஆனவன் முதலில் போடுவது ஒரு மீம். அடுத்தவன் அதுக்கு நாலு சிரிப்பு எமோஜி. அதில் தப்பே இல்லை, அது நம்ம ஆன்ஃபீல்டு கேலரி. ஆனால் மீம் போட்டவன் அன்றைக்கு மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தானா என்று யாராவது பார்த்தோமா? யோஸரின் டயலாக்கை எல்லோரும் சொன்னார்கள். கதையில் அவன் கேட்ட கேள்விக்குக் கடைசி வரை பதில் சொன்னவர் யாரும் இல்லை.

பார்க்கணும் என்று தோன்றினால் ஒரு சின்ன டிப்ஸ். நேராக யோஸர் எபிசோடுக்குப் போகாதீங்க. முதலில் ‘தி பிளாக் ஸ்டஃப்’, அப்புறம் ஐந்து எபிசோடும் வரிசையாக. லிவர்பூல் ஸ்லாங் கஷ்டம், சப்டைட்டில் கட்டாயம். கடைசி எபிசோடில் ஜார்ஜ் என்கிற வயசான யூனியன்காரரை வீல்சேரில் வைத்து, பாழடைந்து கிடக்கும் ஆல்பர்ட் டாக்கைச் சுற்றிக் காட்டுவான் கிறிஸ்ஸி. ஸ்னோவியைப் பறிகொடுத்த அப்பா அவர். நடித்த பீட்டர் கெரிகன் நிஜ வாழ்க்கையிலும் டாக் தொழிலாளியாக இருந்தவர். மூடிக் கிடக்கிற அந்த இடத்தில், சாகப் போகிற அந்த மனுஷன் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவார். அந்த இடத்தில் யாரும் சிரிக்க மாட்டீங்க.