பிரெஞ்சு அரச வம்சத்தைக் காத்த 'கவர்னஸ்'

1712ஆம் ஆண்டு, பிரெஞ்சு அரச குடும்பத்தில் ஒரு மாதத்திற்குள் மூன்று மரணங்கள். தட்டம்மை என்று கருதப்படும் தொற்றுநோய்க்கு மன்னர் 14ஆம் லூயியின் பேரன், பேரனின் மனைவி, அவர்களின் ஐந்து வயது மூத்த மகன் மூவரும் பலியாகினர். அவர்களின் இளைய மகனுக்கும் அதே நோய் கண்டிருந்தது. அவனுக்கு வயது இரண்டு.

அக்கால மருத்துவர்கள் காய்ச்சலுக்கு உடலைக் கீறி இரத்தத்தை வெளியேற்றுவார்கள். மூத்த மகனுக்கு அதைத்தான் செய்தனர், அவன் பிழைக்கவில்லை. இளையவனை அவர்கள் நெருங்கவே விடாமல் தம்மிடம் வைத்துப் பராமரித்தார் ஒரு பெண். குழந்தை பிழைத்தது. அதுவே பின்னாளில் பிரான்சை ஆண்ட 15ஆம் லூயி. அந்தப் பெண், மதாம் டி வாந்ததூர்.

ஆயா அல்ல, உயர் அதிகாரி

வாந்ததூர் வகித்த பதவி, அரச குழந்தைகளின் 'கவர்னஸ்'. பெயரைக் கேட்டதும் பிள்ளை பார்க்கும் ஆயா என்று எண்ணத் தோன்றும். நம் இலக்கியத்தின் செவிலித்தாயும் நினைவுக்கு வரலாம். ஆனால், பிரான்சில் இது மன்னர் நேரடியாக நியமிக்கும் உயர்ந்த பதவி. உயர்குடிப் பெண்களுக்கே கிடைத்தது. சில சமயம் ஒரே குடும்பத்தில் தொடர்ந்தது. வாந்ததூருக்கு முன் அவருடைய தாயாரும், பின்னர் அவருடைய பேத்தியும் இப்பொறுப்பில் இருந்தனர்.

குழந்தை பிறந்ததும் கவர்னஸின் கையில் ஒப்படைக்கப்படும். பாலூட்டும் தாதியர், துணை கவர்னஸ்கள், பணிப்பெண்கள் அனைவரும் அவருடைய மேற்பார்வையில் இயங்கினர். முதல் பிரார்த்தனை, முதல் எழுத்து, அரசவை நடத்தை ஆகியவற்றையும் குழந்தை அவரிடமே கற்றது.

ஏழு வயதில் பிரிவு

இளவரசிகள் கவர்னஸின் பொறுப்பிலேயே வளர்ந்தனர். இளவரசர்களோ ஏழு வயதானதும் ஆண் ஆசிரியர்களிடம் ஒப்படைக்கப்பட்டனர். அப்போது மருத்துவர்கள் சிறுவனின் உடலைப் பரிசோதித்து, அவன் நலமாக இருப்பதை உறுதி செய்வார்கள்.

1715இல் மரணப் படுக்கையில் இருந்த 14ஆம் லூயி, தம் கொள்ளுப்பேரனை அழைத்து, வாந்ததூருக்குப் பட்ட நன்றியை மறக்கக் கூடாது என்று அறிவுறுத்தினார். ஐந்து வயதில் அரியணை ஏறிய சிறுவன், அவரை 'அம்மா' என்றே அழைத்தான். 1717இல் அவரைப் பிரிய நேர்ந்தபோது கதறி அழுதான். வளர்ந்து தந்தையான பிறகு, தம் பிள்ளைகளையும் அவரிடமே ஒப்படைத்தார்.

புரட்சிக் காலத்தில்

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அப்போது கவர்னஸாக இருந்த பொலிஞாக் சீமாட்டி நாட்டை விட்டு வெளியேறினார். அடுத்து மதாம் டி தூர்செல் பொறுப்பேற்றார்.

1791 ஜூனில் அரச குடும்பம் பாரிசிலிருந்து இரகசியமாகத் தப்பியபோது, தூர்செல் ரஷ்யச் சீமாட்டியாக வேடமிட்டார். அரசி மரி அந்துவானெத் அவருடைய பிள்ளைகளின் கவர்னஸாக நடித்தார். இளவரசனுக்குப் பெண் உடை அணிவிக்கப்பட்டது. வரென் என்ற ஊரில் அனைவரும் பிடிபட்டனர்.

மறு ஆண்டு சிறையில் தூர்செல் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்டார். இளவரசன் 1795இல் பத்து வயதில் சிறையிலேயே இறந்தான். உயிர் தப்பிய தூர்செல் எழுதிய நினைவுக் குறிப்புகள், அரச குடும்பத்தின் இறுதி ஆண்டுகளை அறிய இன்றும் உதவுகின்றன.