கைவினையாகக் கற்க வேண்டிய விஞ்ஞானம்

சித்தூர் ஜில்லாவில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்தது பாலசமுத்திரம். சித்தூர்ச் சீமையின் பழைய பயிர்களுள் கரும்பும் ஒன்று. உழவர் கரும்பை விதையினின்று பயிரிடுவதில்லை; கரணை நட்டே வளர்ப்பர். தாய்க் கரும்பில் நோய் இருப்பின், கரணையோடு அதுவும் அடுத்த போகத்திற்கு வந்துவிடுகிறது. இதனைத் தடுக்கும் வழிகளுள் ஒன்று திசு வளர்ப்பு. உயிரியல் தொழில்நுட்பம் எனும் பெருந்துறையில் இது ஒரு சிறு கிளையே. ஆயினும் வளரும் நாடுகளில் இத்துறைப் பயிற்சி எவ்வாறு பரவ வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் காண்பது அரிது.

கரும்பின் குருத்தினுள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்முனை உண்டு. வைரஸ் பெரும்பாலும் அவ்விடத்தை எட்டுவதில்லை. அம்முனையை வெட்டியெடுத்து, சர்க்கரையும் தாது உப்புக்களும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த கூழில் வளர்த்தால், நோயற்ற கன்றுகள் பலவற்றைப் பெறலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்தச் சர்க்கரைக் கூழைப் பூஞ்சையும் விரும்பும். குடுவையின் வாயைத் திறக்கையில் ஒரு கணம் கை தவறினால், சில நாட்களில் வெண்பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்துவிடும். குடுவைக் கன்றோ ஈரக்காற்றுக்கே பழகியது. உடனே வயலில் நட்டால் வாடிவிடும். அதனை மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்குவது தனிக் கலை.

இவற்றை ஏட்டில் படித்து எவரும் கற்றதில்லை. சோதனைச்சாலைப் பாடத்தைத் தமிழில் ‘செய்முறை’ என்கிறோம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் மிகவும் உகந்தது. முறையை அறிவதற்கு முன்னே செய்தல் நிற்கிறதன்றோ!

பெருஞ்செல்வம் இருந்தாலன்றி இப்பயிற்சி இயலாது என்பது முழு உண்மையன்று. டில்லிப் பல்கலைக்கழகத்தில் 1964-இல் சிப்ரா குஹாவும் சதீஷ் சந்திர மகேசுவரியும் ஊமத்தையின் மகரந்தப்பையை வளர்த்து, அதில் கருக்கள் தோன்றக் கண்டனர். பயிர் ஆராய்ச்சியில் உலகெங்கும் பின்னர் கையாளப்பட்ட ஒரு முறைக்கு அதுவே வித்து. ஊடகத்தைக் கிருமி நீக்க 121 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் அதற்கேற்ற அழுத்தமும் வேண்டும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் ஏறத்தாழ அந்நிலையை எட்டும். அடுக்களைச் சர்க்கரையைக் கொண்டே ஊடகம் தயாரிக்கும் கூடங்களும் உண்டு. மரபணு ஆய்வு அவ்வாறன்று. அதற்கு வேண்டிய நொதிகள் விலைமிக்கவை, குளிரிலேயே காக்கப்பட வேண்டியவை.

இந்தக் குறையை நோக்கியே 1983-இல் மாட்ரிட் நகரில் பல நாடுகள் கூடிச் சர்வதேச மரபணுப் பொறியியல், உயிரியல் தொழில்நுட்ப மையத்திற்கான சாசனத்தில் கையொப்பமிட்டன. இத்தாலியின் திரியெஸ்தேயிலும் புதுடில்லியிலும், பின்னர் கேப்டவுனிலும் அதன் கூடங்கள் அமைந்தன. வளரும் நாடுகளின் இளம் விஞ்ஞானிகள் அங்கு ஆய்வு மேசையில் நின்று பயில்கின்றனர். மத்திய சர்க்கார் 1986-இல் இதற்கெனத் தனித் துறை கண்டது. மதுரை காமராஜ் பல்கலைக்கழகம் எண்பதுகளிலேயே இதில் முதுகலை வகுப்பு நடத்தியது.

பிற்பாடு கல்லூரிகள் பெருகின. சோதனைச்சாலைகள் அவ்வளவு பெருகவில்லை. பிப்பெட்டை ஆசிரியர் பிடிக்க, முப்பது மாணவர் சூழ்ந்து நோக்கும் வகுப்பில் பெறும் பட்டம் வேலைக்குச் செல்லுமிடத்தில் துணை நிற்பதில்லை. அயல் மாநிலத்தில் பிள்ளைகளைச் சேர்க்கும் நம்மவர், கட்டிடத்தின் அழகை மட்டும் கண்டு திரும்ப வேண்டாம். தூய காற்று மேசைகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் மாணவர் எத்தனை பேர், கெட்டுப்போன குடுவைக்கு ஈடாக மறுமுறை செய்ய ஊடகம் தருவார்களா என்று கேட்டறிக.