பழையகாயல்: ஓடுகளில் மிஞ்சிய துறைமுகம்

சாகுபுரத்திலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டினால் பழையகாயல். சுற்றிலும் உப்பளங்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வியந்து எழுதிய பாண்டியர் துறைமுகமான காயல் இந்த இடம்தான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் இங்கே வந்து நின்றன.

அந்தத் துறைமுகத்தை எந்தப் படையும் அழிக்கவில்லை. தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டல், முகத்துவாரத்தைத் தூர்த்துக் கடலைத் தள்ளிவிட்டது. முத்துக்குப் பேர்பெற்ற கொற்கையும் முன்பு இப்படித்தான் உள்நாட்டு ஊரானது. கப்பல்கள் வராத துறையில் வணிகர்களுக்கு என்ன வேலை? வாணிபம் புன்னைக்காயலுக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் நகர்ந்தது.

இப்படி மக்கள் விட்டுப்போன இடங்களை ஆராய்வது தொல்லியலில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. இங்கிலாந்தில் வாரம் பெர்சி என்ற கைவிடப்பட்ட கிராமத்தை 1950 முதல் நாற்பது ஆண்டுகள் அகழ்ந்தார்கள். அங்கே வீடுகளின் அடித்தளமும் பழைய தெருக்களும் புல்வெளியில் மேடுபள்ளமாகவே தெரியும். மண்ணும் ஓலையும் கொண்டு கட்டிய வீடுகள் அப்படித் தடம் விடுவதில்லை. ஆகவே நம் கரையில் முதல் சாட்சி பானை ஓடுதான், அது மக்காது.

பாதிரியாரும் தமிழறிஞருமான கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் ஆய்வு செய்து 1877இல் வெளியிட்ட கட்டுரையில், காயல் வெளியெங்கும் சிதறிக் கிடந்த சீன, அரபு நாட்டு ஓடுகளைக் குறிப்பிட்டார். பிற்காலத்தில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவின் குழுவும் இக்கரையில் சீன ஓடுகளைத் தேடியது. ஓட்டின் மெருகும் வண்ணமும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். வெண்பரப்பில் நீலச் சித்திரம் தீட்டிய சீனப் பாத்திரங்கள் 14ஆம் நூற்றாண்டில்தான் பெருவாரியாக ஏற்றுமதியாயின. அத்தகைய ஓடு கிடைக்கும் மண்ணடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அடுப்புக் கரியும் உதவும்: 1968–69இல் கொற்கையில் அகழ்ந்தெடுத்த கரித்துண்டு, கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 785 என்று காலம் காட்டியது.

ஓடு எந்த அடுக்கில், எதனுடன் கிடந்தது என்பதில்தான் அதன் மதிப்பு முழுவதும் இருக்கிறது. எடுத்து அலமாரியில் வைத்துவிட்டால் அது வெறும் பீங்கான் துண்டு. வீட்டுக்கோ உப்பளத்துக்கோ மண் வெட்டும்போது ஓடுகள் தட்டுப்பட்டால், வேலையை நிறுத்தி, கிடந்தபடியே படமெடுத்து, தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். காயலின் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் அந்த மண்ணடுக்குகளில்தான் இருக்கின்றன. ஒருமுறை கலைத்துவிட்டால் எந்த அறிஞராலும் அவற்றை மீண்டும் அடுக்க முடியாது.